உளவியல் ஆலோசகருக்கான தொழில்நெறியும் மேற்பார்வையும்: முதல் நாளிலிருந்து கடைப்பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகலை உளவியலோ சமூகப்பணியோ முடித்து, ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ தொண்டு நிறுவனத்திலோ ஆலோசகராகச் சேரும் ஒருவருக்கு நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பவை ஒரு சிறிய அறை, இரண்டு நாற்காலிகள், ஒரு வருகைப் பதிவேடு. முதல் வாரத்திலேயே கையைக் கீறிக்கொண்ட ஒரு மாணவி எதிரில் வந்து உட்காரக்கூடும். அன்று மாலை அந்த ஆலோசகர் யாரிடம் போய் "நான் செய்தது சரிதானா?" என்று கேட்பார் என்பதற்கு அவருடைய பணி ஆணையில் பதில் இருப்பதில்லை. அந்தப் பதிலை அவரே எப்படி உருவாக்கிக்கொள்வது என்பதைத்தான் இந்த வழிகாட்டி சொல்கிறது. தமிழ்நாட்டில் பணிபுரியும், அதிலும் பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆன ஆலோசகர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். 'மேற்பார்வை' என்றதும் நமக்குக் கட்டட வேலையை நின்று பார்க்கும் மேஸ்திரியோ, வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கும் அதிகாரியோதான் நினைவுக்கு வருகிறார்கள். துறைக்குள் எல்லோரும் 'சூப்பர்விஷன்' என்றே சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இங்கே மேற்பார்வை என்று நான் குறிப்பிடுவது, ஓர் ஆலோசகர் தம் வேலையை ஒழுங்கான இடைவெளியில் இன்னொரு தேர்ந்த ஆலோசகரிடம் கொண்டுபோய், நாடி வருபவரின் நலனுக்காக, இருவரும் சேர்ந்து ஆராய்வதை. வேலைக்கு நேரத்துக்கு வந்தாரா, எத்தனை பேரைப் பார்த்தார் என்ற கணக்கு இதில் சேராது.

1. சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மருத்துவ உளவியலாளர்கள், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள், 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டியவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலத் தொழில்முறையாளர்களை வரையறுக்கும்போது மனநல மருத்துவர், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப்பணியாளர் முதலியோரைக் குறிப்பிடுகிறது. 'ஆலோசகர்' என்ற பொதுப்பெயர் அந்த வரையறையில் இல்லை. 2021ஆம் ஆண்டின் தேசிய இணைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம்தான், மறுவாழ்வு மன்றத்தின் வரம்புக்குள் வராத உளவியலாளர்களையும், சமூகப்பணியாளர்களையும், எச்.ஐ.வி. ஆலோசகர், குடும்பநல ஆலோசகர் போன்றோரையும் தன் அட்டவணையில் சேர்த்து, பதிவேடு, கல்வித்தரம், நன்னடத்தை விதி ஆகியவற்றுக்கு வழி செய்தது. உங்கள் படிப்பும் பணியும் அந்த அட்டவணையில் எங்கே அமைகின்றன என்பதைப் பார்த்து, மாநில அளவிலான பதிவு நிலையை ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபாருங்கள்.

சட்டம் வந்து நம்மைத் திருத்தட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு நான் பிரிட்டனைச் சுட்டிக்காட்டுவேன். அங்கும் 'கவுன்சிலர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை; யார் வேண்டுமானாலும் அப்படி அழைத்துக்கொள்ளலாம். ஆனாலும் 1977இல் தொடங்கிய ஆலோசகர்களின் தொழில்முறைச் சங்கம் ஒன்று, இன்று பி.ஏ.சி.பி. என்று அறியப்படுவது, நெறிமுறைகளை வகுத்து, மேற்பார்வை பெறாமல் யாரும் ஆலோசனை வழங்கக் கூடாது என்பதைத் தன் உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக்கி, புகார் விசாரணை முறையையும் ஏற்படுத்தியது. அங்கே தரத்தைக் கட்டியவர்கள் அந்தத் தொழிலைச் செய்தவர்களே.

இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டியது எளிது. பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, இணையப் பக்கம் ஆகியவற்றில் படித்த பட்டத்தையும் பதிவு இருந்தால் அதன் எண்ணையும் மட்டும் எழுதுங்கள். இரண்டு நாள் பயிற்சியில் வாங்கிய சான்றிதழைச் சிகிச்சை முறையில் தேர்ச்சி என்று எழுதாதீர்கள். நாடி வருபவர் "டாக்டர்" என்று அழைத்தால், நீங்கள் மருத்துவர் அல்லர் என்பதை முதல் சந்திப்பிலேயே, அவர் கூச்சப்படாத வகையில், சொல்லிவிடுங்கள்.

2. உங்கள் தகுதியின் எல்லையை எழுதி வையுங்கள்

"எல்லாப் பிரச்சினைகளுக்கும் ஆலோசனை வழங்கப்படும்" என்ற விளம்பரம் தொழில்நெறிக்கு நேர் எதிரானது. ஒரு தாளில் மூன்று பத்திகளாக எழுதுங்கள்: நான் தனியாகச் செய்யக்கூடியவை, மேற்பார்வையோடு மட்டும் செய்யக்கூடியவை, நான் செய்யக் கூடாதவை. காதில் குரல் கேட்கிறது என்பவர், பல நாள் தூங்காமலும் களைப்பே இல்லாமலும் அளவுக்கு மீறிச் செலவு செய்துகொண்டிருப்பவர், சாப்பாட்டைத் தவிர்த்து உடல் எடை ஆபத்தான அளவுக்குக் குறைந்தவர் ஆகியோரை மனநல மருத்துவரிடம் அனுப்பாமல் நீங்களே வைத்துக்கொள்வது தவறு. தினமும் அதிகமாகக் குடித்த ஒருவரை "இன்றிலிருந்து முழுதாக நிறுத்திவிடுங்கள்" என்று அனுப்புவதும் அப்படித்தான். திடீரென்று நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதற்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். சோர்வும் மந்தமும் தைராய்டு குறைபாட்டாலும் இரத்தசோகையாலும் வரும் என்பதால், உடல் பரிசோதனை நடந்ததா என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அனுப்புவது என்றால் ஒரு பெயரைச் சொல்லிக் கைகழுவுவது ஆகாது. மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவு எந்த நாள், எந்த நேரம் செயல்படுகிறது என்பதை நீங்கள் நேரில் போய்ப் பார்த்து வந்திருக்க வேண்டும்.

3. முதல் சந்திப்பின் ஒப்புதல் உரையாடல்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதால் ஒப்புதல் கிடைத்துவிடுவதில்லை. நாடி வருபவருக்குப் புரியும் தமிழில், நான்கு செய்திகளை வாய்விட்டுச் சொல்லி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று திருப்பிக் கேட்க வேண்டும்: ஆலோசனை என்றால் என்ன நடக்கும், எவ்வளவு நேரம் எவ்வளவு கட்டணம், இரகசியம் எதுவரை காக்கப்படும், அவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது.

மூன்றாவதுதான் நம் ஊரில் கடினமானது. மனைவிக்கான கட்டணத்தைக் கணவர் கட்டுகிறார், கட்டியவர் போனில் கூப்பிட்டு "என்ன மேடம், என்ன சொன்னா?" என்கிறார். மகளைக் கூட்டிவந்த தாய் கதவுக்கு வெளியே நிற்கிறார். தலைமையாசிரியர் "எந்தப் பையன், என்ன பிரச்சினை என்று எனக்கு ஒரு ரிப்போர்ட் கொடுங்கள்" என்கிறார். கேள்வி வந்த பிறகு பதில் தேடினால் யாரையாவது புண்படுத்தித்தான் தீர வேண்டியிருக்கும். அதனால் குடும்பத்தாரும் நாடி வருபவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் முதல் பத்து நிமிடத்திலேயே, "இவர் என்னிடம் பேசுவதை நான் உங்களிடம் சொல்ல மாட்டேன், உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் இவருக்குச் சொல்லிவிட்டு உங்களை அழைப்பேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். நிறுவனத்துக்குத் தரும் அறிக்கையில் எண்ணிக்கை இருக்கலாம், பெயர் இருக்கக் கூடாது என்பதைப் பணியில் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரகசியத்துக்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மழுப்பக் கூடாது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மனநோயுள்ளவரின் தகவல் இரகசியத்தை உரிமையாக்குகிறது. உயிர் ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை முதலிய நிலைகளில் வெளியிட இடம் தருகிறது. நீதிமன்றத்தில் வழக்குரைஞருக்கு உள்ள இரகசியப் பாதுகாப்பு ஆலோசகருக்கு இல்லை. 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் உங்களுக்குத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்கு அதே சட்டம் பாதுகாப்பும் தருகிறது. பள்ளியில் வேலை செய்பவர் இதைப் பிள்ளைக்குப் புரியும் சொற்களில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம்பி வாயைத் திறந்த பிறகு "இதை நான் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும்" என்று நீங்கள் சொல்லக் கேட்கும் குழந்தைக்கு, அது இன்னொரு துரோகமாகவே படும்.

இதே உரையாடலில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "என் வேலையை மாதந்தோறும் ஒரு மூத்த ஆலோசகரிடம் பேசிச் சரிபார்த்துக்கொள்கிறேன், உங்கள் பெயரையோ ஊரையோ அடையாளத்தையோ சொல்ல மாட்டேன்." இதைக் கேட்டு நம்பிக்கை இழந்தவர்களைவிட நிம்மதி அடைந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

4. குறிப்புகள்

சந்திப்பு முடிந்த அன்றே எழுதுங்கள். தேதி, பேசிய பொருள், ஆபத்து பற்றிக் கேட்டது, கிடைத்த பதில், நீங்கள் எடுத்த முடிவு, அதற்கான காரணம் ஆகியவை போதும். நாடி வருபவரே ஒருநாள் வாசிப்பார் என்று எண்ணி எழுதினால் நடை தானாகவே கண்ணியம் பெறும். பெயர்களை எண்களாக மாற்றி, எண்ணுக்குரிய பெயர்ப்பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் சந்திப்பு நேரத்தைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

5. மேற்பார்வையாளரைத் தேடுங்கள்

இந்த வழக்கம் ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. 1920இல் பெர்லினில் மேக்ஸ் ஐட்டிங்கன் முதலானோர் தொடங்கிய உளப்பகுப்பாய்வு மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த பயிற்சி முறையில்தான், பயில்பவர் தாம் பார்க்கும் நோயாளியைப் பற்றி மூத்தவரிடம் ஒழுங்காகப் பேச வேண்டும் என்பது பயிற்சியின் ஓர் உறுப்பாக நிலைபெற்றது. அன்றிலிருந்து ஏறத்தாழ எல்லா ஆலோசனை மரபுகளும் ஏதோ ஒரு வடிவில் இதை ஏற்றுக்கொண்டுள்ளன.

யார் மேற்பார்வையாளராக இருக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்குவது எளிது. உங்கள் சம்பளத்தையும் பணி நீட்டிப்பையும் முடிவு செய்பவர் வேண்டாம். அவரிடம் தவறைச் சொல்ல நா எழாது. நெருங்கிய தோழி வேண்டாம்; அவர் ஆறுதல் சொல்வார், கேள்வி கேட்க மாட்டார். உங்களுக்கே சிகிச்சை அளிப்பவரும் வேண்டாம். தேட வேண்டியவர், நீங்கள் பார்க்கும் வகையான மக்களோடு பல ஆண்டு நேரடியாக வேலை செய்தவர், இப்போதும் செய்பவர், தாமும் எங்காவது மேற்பார்வை பெறுபவர். கடைசித் தகுதியைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விக்கு மகிழ்வார்கள்.

எவ்வளவு நேரம் என்பதற்கு உலகில் சில அளவுகோல்கள் உள்ளன. பி.ஏ.சி.பி. தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் என்கிறது. அமெரிக்காவில் ஆலோசனைப் படிப்புகளை அங்கீகரிக்கும் காக்ரெப் அமைப்பு, 600 மணி நேர உள்ளிருப்புப் பயிற்சியில் குறைந்தது 240 மணி நேரம் நேரடி ஆலோசனையாக இருக்க வேண்டும் என்றும், வாரந்தோறும் மேற்பார்வை நடக்க வேண்டும் என்றும் கேட்கிறது. நம் நிலையில், முதல் இரண்டு ஆண்டுகள் வாரம் ஒரு மணி நேரம் அல்லது இரு வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், பிறகு மாதம் இருமுறை என்பது என் பரிந்துரை. செலவு தாங்காது என்றால் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்து ஒரு மேற்பார்வையாளருக்குக் கட்டணத்தைப் பகிர்ந்து கொடுக்கலாம். நான்கைத் தாண்டினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் பெயரளவுக்குச் சுருங்கிவிடும். உள்ளூரில் ஆள் கிடைக்காவிட்டால் காணொளி வழியாகச் செய்யலாம், கதவு பூட்டிய அறையில் ஹெட்போன் அணிந்து. சக ஆலோசகர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுவதும் பயன் தரும். ஆனால் எல்லோரும் புதியவர்களாக இருக்கும் இடத்தில் அது மேற்பார்வைக்கு ஈடாகாது.

6. மேற்பார்வை ஒப்பந்தம்

ஒரு பக்கம் போதும். எத்தனை மணி, எவ்வளவு கட்டணம், அவசரத்தில் எப்படி அழைப்பது, மேற்பார்வையாளர் குறிப்பு எழுதுவாரா, அதை எங்கே வைப்பார், உங்கள் நிறுவனத்துக்கு எதையாவது தெரிவிப்பாரா, எந்த நிலையில் உங்கள் விருப்பத்தை மீறியும் அவர் செயல்பட வேண்டியிருக்கும், கருத்து வேறுபட்டால் என்ன செய்வது. கடைசி இரண்டையும் பேசத் தயங்குவார்கள். மரியாதை கருதி விட்டுவிடாதீர்கள்.

7. ஒரு கேள்வியோடு போங்கள்

வாழ்க்கை வரலாறு முழுவதையும் அரை மணி நேரம் ஒப்பித்துவிட்டு "இப்போ என்ன செய்யலாம் சார்?" என்று கேட்பதுதான் புதியவர்கள் மேற்பார்வையை வீணாக்கும் வழி. அரைப் பக்கத்துக்கு மிகாமல் பின்னணி எழுதுங்கள். சந்திப்பில் உங்களுக்குச் சங்கடமாக இருந்த பத்து நிமிடத்தை, அவர் சொன்னது, நான் சொன்னது என்று நினைவிலிருந்து வரிவரியாக எழுதுங்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை மேலே எழுதுங்கள்.

ஒலிப்பதிவு இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நினைவு நமக்குச் சாதகமாகவே திருத்தி எழுதும். நாடி வருபவரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். மறுத்தால் அதனால் அவருக்குக் குறைவு வராது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கேட்டு முடித்ததும் அழித்துவிட வேண்டும். பதிவு தானாக இணையச் சேமிப்புக்குப் போகும் போனில் எடுக்கக் கூடாது. 1960களில் நார்மன் கேகன் உருவாக்கிய முறை ஒன்று இங்கே பயன்படும்: பதிவை ஓடவிட்டு, ஆலோசகர் தாம் விரும்பும் இடத்தில் நிறுத்தி, "இந்த நொடியில் எனக்குள் என்ன ஓடியது, எதைச் சொல்லாமல் விழுங்கினேன்?" என்று பேச வேண்டும். மேற்பார்வையாளர் திருத்துவதில்லை, கேள்வி மட்டும் கேட்கிறார்.

8. மேற்பார்வை அறைக்குள் நடப்பது

பிரிட்டனைச் சேர்ந்த பிரிஜிட் ப்ராக்டர் மேற்பார்வைக்கு மூன்று பணிகள் உண்டு என்றார்: நெறி தவறாமல் காப்பது, திறனை வளர்ப்பது, சோர்ந்த ஆலோசகரை மீட்டெடுப்பது. ஏதாவது ஒன்று மட்டும் தொடர்ந்து நடந்தால் உறவு கோணலாகிறது. முதலாவது மட்டும் என்றால் விசாரணை, இரண்டாவது மட்டும் என்றால் டியூஷன், மூன்றாவது மட்டும் என்றால் புலம்பல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நம் சந்திப்புகளில் எது குறைந்திருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.

பீட்டர் ஹாக்கின்ஸும் ராபின் ஷோஹெட்டும் 1980களில் உருவாக்கிய 'ஏழு கண்' முறையைத்தான் நடைமுறைக்கு நான் அதிகம் பரிந்துரைக்கிறேன். ஒரே வேலையை ஏழு இடங்களிலிருந்து பார்க்கச் சொல்கிறது அது: நாடி வருபவர், ஆலோசகர் செய்த தலையீடு, இருவருக்கும் இடையிலான உறவு, ஆலோசகரின் மனத்தில் எழுந்தவை, ஆலோசகருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையிலான உறவு, மேற்பார்வையாளருக்குள் எழுபவை, இவை அனைத்தையும் சூழ்ந்த சமூகமும் நிறுவனமும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். இது ஒருவருடைய கதை இல்லை. பல ஆலோசகர்களிடம் கேட்டவற்றைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி அமைத்தது. மாவட்டத் தலைநகர் ஒன்றில் கல்லூரி ஆலோசகராக இருக்கும் ஓர் இளம்பெண்ணிடம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வருகிறாள். அவள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். தந்தை தினமும் டாஸ்மாக்கிலிருந்து வந்து தாயை அடிக்கிறார். மாணவி ஆலோசகரை "அக்கா" என்றே அழைக்கிறாள். ஐம்பது நிமிடச் சந்திப்பு ஒன்றரை மணி நேரமாக நீள்கிறது. இரவு பதினொன்றுக்கு வாட்ஸ்ஆப் செய்தி வருகிறது, ஆலோசகர் பதில் எழுதுகிறார். ஒருநாள் பேருந்துக்குக் காசு கொடுக்கிறார். மேற்பார்வைக்கு அவர் கொண்டுவரும் கேள்வி: "அவளுடைய பதற்றத்துக்கு எந்த உத்தி பொருந்தும்?"

முதல் கண்ணாலும் இரண்டாம் கண்ணாலும் மட்டும் பார்க்கும் மேற்பார்வையாளர் மூச்சுப்பயிற்சி ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவார். மூன்றாம் கண் "அக்கா" என்ற விளியில் நிற்கிறது. அந்தச் சொல்லைத் தடுக்க வேண்டியதில்லை. நம் மொழியில் மூத்த பெண்ணைப் பெயர் சொல்லியோ மிஸ் என்றோ அழைப்பது அந்த மாணவிக்கு வராமல் போகலாம். ஆனால் அக்கா என்பவள் இரவிலும் கதவைத் திறப்பாள், செலவுக்குத் தருவாள், பாதியில் எழுந்து போக மாட்டாள் என்ற எதிர்பார்ப்பை அந்தச் சொல் கூடவே கொண்டுவருகிறது, ஆலோசகரும் அறியாமல் அதற்குள் போய் அமர்ந்துவிட்டார். நான்காம் கண்ணுக்கு, இந்த ஆலோசகரும் தம் வீட்டின் மூத்த மகள், தம்பி தங்கையைப் படிக்கவைப்பவர் என்பது தெரிகிறது. அதைத் தொட்டுக் காட்டுவதோடு மேற்பார்வையாளர் நின்றுவிட வேண்டும். அந்தப் பாரத்தை இறக்கிவைக்கும் இடம் ஆலோசகர் தமக்கென்று பெறும் தனிச் சிகிச்சை.

ஐந்தும் ஆறும் இன்னும் நுட்பமானவை. கடிகாரத்தைப் பார்க்கும்போது மேற்பார்வை நேரம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. மேற்பார்வையாளர் ஒன்றன்பின் ஒன்றாக யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆலோசகர் "ஆனால் அது முடியாதே" என்று ஒவ்வொன்றையும் திருப்பித் தருகிறார். மேற்பார்வையாளருக்குக் களைப்பும், இவளை இப்படியே விட்டுவிட முடியாது என்ற தவிப்பும் ஒருசேர எழுகின்றன. மாணவியின் அறையில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. 1955இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஹெரால்ட் சர்ல்ஸ் இந்தப் பிரதிபலிப்பைப் பற்றி எழுதினார்; பின்னாளில் 'இணைநிகழ்வு' என்ற பொருளுடைய பெயர் அதற்கு நிலைத்தது. அதைக் கண்ட மேற்பார்வையாளர், "நானும் இப்போது உங்களுக்கு அக்காவாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. நேரம் முடிந்தது என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அவளிடம் உங்களுக்கும் இப்படித்தான் இருக்கிறதா?" என்று கேட்கிறார். ஆலோசகர் சிறிது நேரம் அழுகிறார். நேரத்தை மீறாமல் முடிப்பது எப்படி என்பதை அந்த அறையிலேயே இருவரும் செய்து பார்க்கிறார்கள், அடுத்த வாரம் அவரால் அதை மாணவியிடம் செய்ய முடிகிறது.

ஏழாம் கண்ணை நம் ஊரில் பலர் மூடிக்கொண்டே வேலை செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்று வைத்திருக்கும் நிர்வாகம், அடிக்கும் தந்தையைவிட்டு வெளியேற முடியாத தாயின் பொருளாதார நிலை, சாதி ஆகியவை யாவும் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. "உங்களுக்கு எந்த ஊர் மேடம், எந்தப் பக்கம்?" என்று நாடி வருபவர் கேட்கும்போது அவர் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அச்சம் நியாயமானதாகவும் இருக்கலாம். அதைப் பற்றி மேற்பார்வையில் பேச வாய்வராத ஆலோசகர், தமக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையில் அதே கேள்வி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பேச்சைத் தொடங்கும் பொறுப்பு அதிகாரம் அதிகம் உள்ளவருடையது, அதாவது மேற்பார்வையாளருடையது.

9. மறைக்கத் தோன்றுவதை முதலில் கொண்டுபோங்கள்

1996இல் நிக்கோலஸ் லடானியும் சகாக்களும் பயிற்சி ஆலோசகர்களிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ எல்லோருமே மேற்பார்வையாளரிடம் எதையாவது சொல்லாமல் மறைத்தது தெரியவந்தது. மேற்பார்வையாளர் மீதான அதிருப்தி, தம்முடைய தவறு, நாடி வருபவர் மீது எழுந்த வெறுப்பு அல்லது ஈர்ப்பு ஆகியவை மறைக்கப்பட்டவற்றுள் அடங்கும். அதனால் உங்களுக்கு மட்டும் இப்படித் தோன்றுவதாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு சந்திப்புக்கு முன்பும், "இன்று எதைச் சொல்லாமல் திரும்ப விரும்புகிறேன்?" என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதியதையே முதல் பத்து நிமிடத்தில் பேசுங்கள்.

ஈர்ப்பைப் பற்றிய விதியில் வளைவே கிடையாது. நாடி வருபவரோடு பாலுறவோ காதலோ கூடாது. அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் 2014 நெறிமுறை, கடைசித் தொழில்முறைத் தொடர்புக்குப் பின் ஐந்து ஆண்டுகள் வரை அதைத் தடை செய்கிறது, அதன் பிறகும் தீங்கு நேராதா என்று எழுத்தில் ஆராயச் சொல்கிறது. ஆனால் ஈர்ப்பு எழுவது குற்றம் ஆகாது. யாரிடமும் சொல்லாமல் அதை வளரவிடுவதே ஆபத்தில் முடிகிறது.

சின்ன ஊர்களில் இரட்டை உறவை முழுவதும் தவிர்க்க முடியாது. நாடி வருபவர் உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியராக இருப்பார், திருமணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருவார். பொங்கலுக்குக் கரும்பும் தோட்டத்து வாழைப்பழமும் கொண்டுவருபவரிடம் வாங்க மாட்டேன் என்பது அவமதிப்பாகிவிடும் என்று நான் கருதுகிறேன். தங்க மோதிரத்தையும் புதுப் புடவையையும் வாங்கக் கூடாது. இரண்டையும் குறிப்பேட்டில் எழுதி மேற்பார்வையில் சொல்லுங்கள், கரும்பு உட்பட.

10. உயிர் ஆபத்து எழும்போது

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. திட்டம் உண்டா, வழிமுறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா என்பவற்றைத் தொடர்ந்து கேளுங்கள். நம் கிராமப்புறங்களில் பூச்சிமருந்து வீட்டிலேயே இருக்கிறது. அதை அன்றைக்கே வீட்டிலிருந்து அகற்ற யார் பொறுப்பேற்பார் என்பதைப் பெயரோடு முடிவு செய்யாமல் சந்திப்பை முடிக்காதீர்கள். தனியே விடாமல் ஒருவர் உடனிருக்க ஏற்பாடு செய்து, மனநல மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். தேசிய மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104, சிறார்களுக்கான 1098 ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவர்மீது வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்வதைக் குடும்பத்துக்கு விளக்குங்கள். வழக்குக்குப் பயந்து மருத்துவமனையைத் தவிர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த நிலையில் மேற்பார்வையாளரை உடனே அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். ஆனால் அவர் போனை எடுக்கும்வரை செயலைத் தள்ளிப்போடாதீர்கள். நாடி வந்தவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்துவிட்டால், அந்த வாரத்தின் மேற்பார்வை கோப்பைப் புரட்டுவதற்கானது இல்லை. அந்த ஆலோசகர் அமர்ந்து துக்கப்படுவதற்கானது. கோப்புக்கு அடுத்த வாரம் இருக்கிறது.

11. மேற்பார்வையாளர் தவறும்போது

கலிஃபோர்னியாவின் டாரசாஃப் வழக்கை எல்லா ஆலோசகர்களும் படித்திருப்பார்கள்: ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக மாணவர் ஒருவர் பல்கலைக்கழக உளவியலாளரிடம் சொன்னார், 1969இல் அந்தப் பெண் கொல்லப்பட்டார், 1976இல் மாநில உச்ச நீதிமன்றம், ஆபத்துக்குள்ளாகக்கூடியவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று தீர்ப்பளித்தது. அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உளவியலாளர் வளாகக் காவலர்களுக்கு எழுத்தில் தெரிவித்திருந்தார். அவருடைய துறைத் தலைவர்தான் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, படிகளையும் குறிப்புகளையும் அழிக்கச் சொல்லி, மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம் என்றார். மூத்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். மேற்பார்வையாளர் உங்களைப் பிறர் முன் சிறுமைப்படுத்தினாலோ, நாடி வருபவரின் பாதுகாப்பைவிட நிறுவனத்தின் பெயரைப் பெரிதாக நினைத்தாலோ, உங்களிடம் எல்லை மீறினாலோ, நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள், ஒப்பந்தத்தில் குறித்த வழியில் பேசுங்கள், பலனில்லை என்றால் இன்னொரு மூத்தவரிடம் கருத்துக் கேட்டு விலகிவிடுங்கள். பாலியல் சீண்டல் என்றால் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவிடம் போக உங்களுக்கு உரிமை உண்டு.

12. நீங்கள் இல்லாத நாளுக்கான கடிதம்

இதைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தள்ளிப்போடுவது இதைத்தான். விபத்தோ நோயோ மரணமோ உங்களைத் திடீரென்று விலக்கினால், நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் அறை வாசலில் வந்து நிற்பவருக்கு யார் சொல்வார்? ஒரு சக ஆலோசகரைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு பொறுப்பாளராக்குங்கள். குறிப்புகள் பூட்டியுள்ள அலமாரியின் சாவி, எண்-பெயர்ப் பட்டியல் இருக்கும் இடம், இப்போது ஆபத்தான நிலையில் உள்ளவர்களின் எண்கள், எந்தச் சொற்களில் தகவல் சொல்ல வேண்டும் என்பது, எத்தனை ஆண்டுக்குப் பின் குறிப்புகளை அழிக்க வேண்டும் என்பது ஆகியவற்றை எழுதி, உறையில் இட்டு ஒட்டுங்கள். உறையின் ஒரு படி அந்தப் பொறுப்பாளரிடமும் இன்னொன்று மேற்பார்வையாளரிடமும் இருக்கட்டும். வீட்டாரிடம் உறை எங்கே என்பதையும் யாரை அழைப்பது என்பதையும் மட்டும் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வைச் சந்திப்பில் அதைத் திறந்து, பட்டியலைப் புதுப்பித்து, மறுபடி ஒட்டிக் கொடுங்கள்.